பச்சைச் சாறிக்காரி சொன்ன கதை

"பல்லு டொக்டருக்குப் படிக்கப் போற பிள்ளையளில பாதிப் பேர் இடையில விட்டிட்டு ஓடி வந்திடுதுகளாம்" என்று மனைவி விமலேஸ்வரி சொன்னபோது, பரமலிங்கத்தின் வாய் நிறையப் புட்டு இருந்தது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். வலது கடைவாயில் ஒரு பல் நெடுநாளாகக் குத்திக்கொண்டிருந்ததால் அவர் இடது பக்கத்தால் மட்டுமே மெல்லுவார். இப்போது இடது பக்கமும் வேலையை விட்டுவிட்டது.

"ஆர் சொன்னது?"

"சந்தையில ஒரு மனிசி. பச்சைச் சாறி கட்டியிருந்தவா. மரவள்ளிக்கிழங்கு வாங்கேக்க பக்கத்தில நிண்டு கதைச்சவா. அவாவின்ர சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் போய், ஒரு வருசம் முடிய முதல் பெட்டியோட திரும்பி வந்திட்டானாம்."

"கடவுளே!"

"ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையின்ர காதில விழுந்தால் மனம் விட்டிடுவாள்."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார் பரமலிங்கம், புண்பட்டவராக.

விமலேஸ்வரி குசினிக்குள் போனாள். அங்கே உரக்கடைப் பாலனின் மகள் லக்சிகா நிலத்தில் இருந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பரமலிங்கம் கை கழுவ வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, அவர் கேட்காமலே, "வெங்காயம் மாமா" என்றாள்.

லக்சிகாவும் பரமலிங்கத்தின் மகள் ஜெயரூபியும் ஒரே வகுப்பு, ஒரே ரியூசன், ஒரே சைக்கிளின் முன்னும் பின்னும். ஏ.எல் பரீட்சை முடிவு வந்தபோது மாவட்ட நிலையில் லக்சிகா ஒரு படி மேலே, ஜெயரூபி அதற்கு அடுத்த படி. மருத்துவத்துக்கு இருவருக்குமே புள்ளி கொஞ்சம் காணாது. அடுத்தது பல் மருத்துவம். முல்லைத்தீவு மாவட்டத்துக்கு அதில் அநேகமாக ஒரே ஒரு இடந்தான் வரும் என்று ரியூசன் சேர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றைப் பற்றி இரண்டு வீட்டாரும் வாய் திறக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை வரிசைப்படி போட்டு அனுப்ப அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஜெயரூபிக்குச் சின்ன வயதிலிருந்தே பல் என்றால் ஒரு பைத்தியம். மற்றப் பிள்ளைகள் ஆட்களை முகத்தால் நினைவு வைத்திருப்பார்கள். அவள் பல்லால் நினைவு வைத்திருப்பாள். "அந்த முன்பல்லு இரண்டும் கதவு திறந்தமாதிரி இருக்கிற மாமா" என்பாள். அவள் சொன்ன பிறகு அந்த மாமாவை வேறு எப்படியும் நினைக்க முடியாது. மாதத்துக்கு ஒருதடவையாவது தகப்பனுக்கு முன்னால் ரோச் லைற்றோடு வந்து நிற்பாள்.

"அப்பா, ஒருக்கா வாயைத் திறவுங்கோ."

"நீ டொக்டராகி வா. பிறகு திறக்கிறன்."

அந்த வாக்குறுதியில் தகப்பனும் மகளும் நிம்மதியாக இருந்தார்கள். பச்சைச் சாறிக்காரி வந்து அதைக் குழப்பும் வரை.

புட்டு முடிந்ததும் பரமலிங்கம் மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஒருவரிடமும் சொல்லும் எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருக்கவில்லை. கேட்பதற்குத்தான் போனார்.

ஒட்டுசுட்டான் சந்தியில் மஸாஹிரின் கொமினிக்கேசன் இருந்தது. போட்டோக் கொப்பி, றீலோட், அடையாள அட்டைப் படம், பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். பரமலிங்கம் மேசைக்கு மேலால் குனிந்தார்.

"தம்பி மஸாஹிர், இது உமக்கும் எனக்கும் இடையில இருக்கட்டும். பல்லுப் படிப்பில பாதிப் பேர் ஓடி வருகினமாமே?"

மஸாஹிர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற ஒருவன் "தெரியாது" என்று சொன்னால் அது வியாபாரத்துக்குக் கூடாது.

"பாதியோ? அது முந்தி, அண்ணை."

"இப்ப?"

"இப்ப அதையும் விடக் கூட. மெழுகில பல்லுச் செதுக்கச் சொல்லுவினமாம். உண்மையான பல்லு மாதிரியே வரவேணும். ஒரு மயிரிழை பிசகினாலும் சேர்மார் தூக்கிக் குப்பைக்குள்ள போட்டிடுவினம். ஒரு வீடியோவில பாத்தனான்."

"குப்பைக்குள்ளயோ?"

"கண்ணுக்கு முன்னாலேயே."

பரமலிங்கத்துக்கு அந்தக் குப்பைத்தொட்டி தெரிந்தது. அதற்குள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பற்கள், பக்கத்தில் பெட்டியோடு ஜெயரூபி. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஒருத்தரிட்டயும் சொல்லாதையும்."

"சீ, நான் ஏன் சொல்லுறன் அண்ணை?" என்றான் மஸாஹிர். விண்ணப்பம் போட வந்த அடுத்த தாயிடம், "பல்லுப் போடப்போறியளோ? யோசிச்சுப் போடுங்கோ" என்று மட்டுந்தான் சொன்னான்.

மறுநாள் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுவது பற்றிக் கமக்காரர் கூட்டம். முத்தையன்கட்டு வாய்க்காலில் எந்தப் பக்கத்துக்கு எந்த நாள் முறை என்று நீர்ப்பாசன அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தார். பரமலிங்கம் பக்கத்துக் கதிரையிடம் மெல்லக் கேட்டார். பக்கத்துக் கதிரை பின்கதிரையிடம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசையில் தண்ணீரைப் பற்றி எவரும் பேசவில்லை.

"ஒருத்தருக்கொருத்தர் பல்லுப் புடுங்கித்தானாம் பழகிறது."

"அப்ப படிச்சு முடிக்கேக்க பல்லே இராதே?"

"அதுதானே ஓடி வருகினம்."

அதிகாரி பேச்சை நிறுத்தினார். "பின்னுக்கு என்ன கதை? யானை வேலியோ?"

"இல்லை சேர். பல்லு."

"யானை ஆரையும் கடிச்சதோ?"

வாய்க்காலின் கதவைத் திறந்துவிட்டால் தண்ணீர் எந்த வரம்பை உடைத்து எந்த வயலில் போய் நிற்கும் என்று திறந்தவனுக்குத் தெரியாது. கதையும் அப்படித்தான் போனது. முள்ளியவளைக்குப் போன பஸ்ஸில் ஏறி, தண்ணீரூற்றில் ஒரு தையல் கடையில் இறங்கி, அங்கே தடித்து, மாலைப் பஸ்ஸில் திரும்பி வந்தது.

அதைக் கொண்டு வந்தவர் பாலன். லக்சிகாவின் தகப்பன், சந்தியில் உரக்கடை வைத்திருப்பவர். முற்றத்துக்கு வந்தபோதே அவருக்கு மூச்சு வாங்கியது.

"பரமலிங்கண்ணை, கேள்விப்பட்டியளோ? பல்லுப் படிப்பில முக்கால்வாசிப் பேர் ஓடி வருகினமாம்! தண்ணீரூற்றில இருந்து வந்த ஆள் சொன்னது."

பரமலிங்கம் கதிரையில் சாய்ந்துவிட்டார். ஒரு கதை இரண்டு திசையால் வந்தால் அது உண்மை என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. தான் அனுப்பியதுதான் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அனுப்பும்போது அது பாதியாக இருந்தது, இப்போது முக்கால். அப்படியானால் இது வேறு கதை.

"என்ர பிள்ளையின்ர பேருக்கு முன்னால டொக்டர் எண்டு போடவேணும் எண்டு எவ்வளவு ஆசை" என்றார் பாலன். "கடைப் பேர்ப்பலகையில ஒரு மூலையில இடமும் விட்டு வைச்சிருக்கிறன். அவள் என்னெண்டால் சின்னனில இருந்து செடிக்குப் பின்னால திரியிறாள். மாமரத்தில ஒட்டுக் கட்டுறாள். உதையெல்லாம் விட்டிட்டுப் பல்லைப் போடு எண்டு பேசி வைச்சிருக்கிறன். இப்ப இப்பிடிச் சொல்லுறாங்கள்."

"நாங்கள் இரண்டு பேரும் தப்பினம், பாலன். நேரத்துக்குக் கேள்விப்பட்டது."

"எண்டாலும் சும்மா கதையை நம்பி விடேலாது, அண்ணை. ஆரேன் சரியாத் தெரிஞ்ச ஆள் சொன்னால்தான் நான் மாத்துவன்."

விமலேஸ்வரி இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று பொழுதுபட பரமலிங்கம் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பல்லு வேண்டாம்."

"ஏன் அப்பா?"

"முக்கால்வாசிப் பேர் ஓடி வருகினம்."

"ஆர் சொன்னது?"

"மாவட்டமே சொல்லுது."

"மாவட்டம் பல்லுப் படிச்சதோ?"

"வாய் காட்டாதை!"

"நீங்கள்தான் வாய் காட்டுறேல்லை. எத்தினை வருசமாக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஜெயரூபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பிட வரவில்லை. மறுநாளும் தேத்தண்ணி மட்டும் குடித்தாள். வீட்டில் ரோச் லைற் தேடுவாரற்று அலுமாரியில் கிடந்தது. பரமலிங்கத்துக்கு அதைப் பார்க்க என்னவோ செய்தது.

"இஞ்சேர், அந்தப் பச்சைச் சாறி மனிசியைக் கண்டுபிடிச்சால் எல்லாம் விளங்கும்" என்றார் மனைவியிடம். "நான் சந்தைக்குப் போய்ப் பாக்கிறன்."

"நீலச் சாறியப்பா."

"பச்சை எண்டெல்லோ சொன்னனீர்?"

"வெயிலுக்குள்ள அப்பிடித் தெரிஞ்சிருக்கும். அவாவை எங்க தேடப்போறியள்? உடையார்கட்டோ விசுவமடுவோ ஆருக்குத் தெரியும்? நேரா ஒரு பல்லு டொக்டரிட்டயே போய்க் கேளுங்கோவன். வவுனியாவில எத்தினை பேர் இருக்கினம்."

இது பரமலிங்கத்துக்குப் பிடித்திருந்தது.

"போகேக்க பாலனுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள் விமலேஸ்வரி. "பாவம், அந்த மனிசனும் அந்தரப்பட்டுக்கொண்டு நிக்குது."

நாற்றுமேடை வேலை முடிய வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பரமலிங்கம் காலை பஸ்ஸில் நெடுங்கேணி வழியாக வவுனியாவுக்குப் போனார். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பல் சிகிச்சை நிலையத்தைக் கண்டுபிடித்து, மேசையிலிருந்த பெட்டையிடம் பணிவாகச் சொன்னார்.

"டொக்டரிட்ட ஒரு கேள்வி கேக்க வந்தனான்."

"என்ன வருத்தம் ஐயா?"

"வருத்தம் இல்லை. கேள்வி."

"கேள்விக்கு நம்பர் குடுக்கிறேல்லை, ஐயா."

பரமலிங்கம் யோசித்தார். "அப்ப, பல்லு நோகுது."

பொய் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். டொக்டர் றிஸ்பா இளம் பெண். ஜெயரூபியைவிட அதிகம் போனால் பத்து வயது கூட இருக்கும். கதிரை மெல்லச் சரிந்து அவரைப் படுக்க வைத்தது. மேலே ஒரு வெளிச்சம் நிலவு போல இறங்கி வந்தது.

"டொக்டர், நான் வந்தது என்னெண்டால் இந்தப் பல்லுப் படிப்பில..."

"வாயைத் திறவுங்கோ ஐயா."

மகளுக்கென்று வைத்திருந்த வாயை அவர் அந்நியருக்குத் திறந்தார். பெரிய துரோகம் செய்வது போல இருந்தது.

"ஐயையோ! இந்தப் பல்லை ஏன் இவ்வளவு காலம் வைச்சிருக்கிறியள்? உள்ளுக்கு உக்கிப் புழுதி மாதிரி இருக்கு. இண்டைக்கே எடுக்கவேணும்."

"ஆ... ஆ..."

"நோகாது."

ஊசி ஏறி, பாதி முகம் தன்னுடையது இல்லை என்றான பிறகுதான் அவருக்குக் கேட்க இடம் கிடைத்தது. மகளின் படிப்பைப் பற்றிக் கொழகொழவென்று வந்த கேள்வியை டொக்டர் இரண்டாந்தரம் கேட்டு விளங்கிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"பாதிப் பேரோ? ஆர் ஐயா சொன்னது? கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். முதலாம் வருசம் நான் அழாத நாள் குறைவு. மெழுகில செதுக்கின என்ர முதல் பல்லு, பல்லு மாதிரி இல்லை, பலாக்கொட்டை மாதிரி இருந்தது. சேர் பாத்திட்டு, 'இதை அவிச்சுத் தின்னலாம்' எண்டவர். திரும்பச் செதுக்கினன். பிறகும் செதுக்கினன். ஆனால் ஓடேல்லை. எங்களோட படிச்ச பட்சில ஒரே ஒருத்தர்தான் விட்டிட்டுப் போனவர்."

"ஏ?" என்றார் பரமலிங்கம்.

"அவருக்குத் திரும்ப எடுத்த ஏ.எல் சோதினையில மெடிசின் கிடைச்சிட்டுது. மகளுக்கு விருப்பமெண்டால் யோசிக்காமல் விடுங்கோ ஐயா. விருப்பம் இல்லாட்டில்தான் கஷ்டம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பரமலிங்கம் எதையும் யோசிக்கவில்லை. பல் வெளியே வந்தது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு டொக்டர் சொன்னார்: "நல்லாக் கடிச்சுப் பிடியுங்கோ. வீட்டுக்குப் போகுமட்டும் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைச்சால் இரத்தம் நிக்காது."

வாழ்க்கையில் முதல்தடவையாகப் பரமலிங்கத்திடம் ஒரு உண்மையான செய்தி இருந்தது. அதைச் சொல்லத்தான் அனுமதி இல்லை. பஸ் முழுக்க அவர் அதை வாய்க்குள் பஞ்சோடு சேர்த்துக் கடித்துப் பிடித்தபடி, யன்னலால் பாலைமரங்களைப் பார்த்து மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருத்தர்தான். ஒரே ஒருத்தர்தான்.

ஒட்டுசுட்டானில் இறங்கும்போது மருந்தின் மரப்பு விட்டுவிட்டது. வலது கன்னம் பலூன் போல வீங்கியிருந்தது. மஸாஹிரின் கடைவாசலில் பாலன் நின்றார். லக்சிகாவும் நின்றாள். உள்ளே கொம்பியூட்டரில் அவளுடைய விண்ணப்பம் திறந்திருந்தது. பல்லைப் போட்டுவிட்டு அனுப்புவதா, அழித்துவிட்டு அனுப்புவதா என்று தெரியாமல் இன்னும் நாலைந்து தாய் தகப்பன்மாரும் காத்து நின்றார்கள்.

"அண்ணை!" பாலன் ஓடி வந்தார். "டொக்டரிட்டக் கேட்டியளோ?"

பரமலிங்கம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"ஓடி வாறது உண்மைதானோ?"

இல்லை என்று பலமாகத் தலையை அசைத்தார். அந்த அசைவில் தாடை முழுவதும் தீப்பிடித்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பாருங்கோ, சொல்லவும் ஏலாமல் அழுகிறார்" என்றாள் ஒரு தாய்.

பரமலிங்கம் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். ஒருத்தர்தான் விட்டிட்டுப் போனவர்.

பாலனின் முகம் வெளிறியது. "ஒருத்தரோ? ஒரே ஒருத்தரோ முடிச்சது?"

"ம்ம்! ம்ம்ம்!" பரமலிங்கம் இரண்டு கையையும் வீசி மறுத்தார்.

"அந்த ஒருத்தரும் இல்லையாம்!" என்றான் மஸாஹிர் கடைக்குள் இருந்து.

இனிப் பொறுக்க முடியாது என்று பரமலிங்கம் வாயைத் திறந்தார். சொல்லுக்கு முதல் இரத்தம் வந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"ஐயோ, கேக்கப் போன ஆளின்ரயையே புடுங்கிப்போட்டு விட்டிருக்கிறாங்கள்!"

"மஸாஹிர் தம்பி," பாலன் திரும்பினார். "பல்லை அழியும். என்ர பிள்ளைக்கு விவசாயத்தைப் போடும். கிளிநொச்சிக் கம்பஸெண்டால் பின்னேரம் வீட்ட வந்திடலாம்."

லக்சிகா குனிந்த தலை நிமிராமல் நின்றாள். கையால் முகத்தை மூடியிருந்தாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்குவதைப் பரமலிங்கம் பார்த்தார். பாவம், ஒரு பிள்ளையின் கனவைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தார். அவர் மீண்டும் ஒரு விரலைத் தூக்கினார். எவரும் பார்க்கவில்லை. மஸாஹிரின் விசைப்பலகை மட்டும் சடசடத்தது.

வீட்டில் ஜெயரூபி கதவைத் திறந்து தகப்பனின் முகத்தைக் கண்டதும் கோபத்தை மறந்தாள். அலுமாரியிலிருந்து ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பரமலிங்கம் கதிரையில் இருந்தபடி மகளுக்கு வாயைத் திறந்து காட்டினார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவா எடுத்திருக்கினம் அப்பா" என்றாள், கோயிலில் சிலையைப் பார்ப்பது போல. "ஒரு துண்டும் உடையேல்லை."

பரமலிங்கம் அவளைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், பிறகு பெருவிரலை உயர்த்தினார்.

"போடவோ அப்பா? பல்லையோ?"

அவர் தலையசைத்தார். இந்த முறை நோவு பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கன்னம் வற்றியது. பரமலிங்கம் சந்திக்குப் போய் உண்மையை உரத்த குரலில் சொன்னார். ஓடினது ஒருத்தர்தான், அதுவும் மெடிசினுக்கு. எவரும் நம்பவில்லை.

"பாவம், மகளுக்குப் போட்டு அனுப்பிப்போட்டார்" என்றார்கள். "இனி மனம் ஆற வேண்டாமோ?"

அவர் வற்புறுத்த வற்புறுத்த அவர்களுடைய முகத்தில் அனுதாபம் கூடிக்கொண்டே போனது. பொய்யைச் சொன்னபோது ஒரே நாளில் தண்ணீரூற்றுக்குப் போய் வந்த கதை, உண்மையானதும் மஸாஹிரின் கடையைத் தாண்டவில்லை.

மாரி தொடங்க முன்னம் பல்கலைக்கழக முடிவு வந்தது. ஜெயரூபிக்குப் பல் மருத்துவம். லக்சிகாவுக்கு விவசாய பீடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலன் ஒரு பெரிய கேக்கோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பரமலிங்கம் அவரை நேரே பார்க்கக் கூச்சப்பட்டார். ஆனால் பாலனின் முகத்தில் கவலையின் சுவடே இல்லை.

"கடைப் பேர்ப்பலகையில இடம் விட்டிருந்தனான் எல்லோ, அண்ணை? அதில 'பயிர் நோய்களுக்கு ஆலோசனை' எண்டு எழுதிப்போட்டன். அவள் இன்னும் கம்பஸுக்குப் போகேல்லை. அதுக்குள்ள சனம் வாடின மிளகாய்ச் செடியைத் தூக்கிக்கொண்டு வரிசையில நிக்குது. இவளும் ஒவ்வொண்டாப் பாத்துச் சொல்லுறாள். இவளை நான் இவ்வளவு சந்தோசமாக் கண்டதே இல்லை. பல்லுக்கு அனுப்பியிருந்தால் அந்த முக்கால்வாசியில இவளும் ஒண்டு."

ஜெயரூபி லக்சிகாவின் வாயில் ஒரு துண்டுக் கேக்கைத் தீத்திவிட்டு, "இனிப்புச் சாப்பிட்டால் வாய் கொப்புளிக்கவேணும், தெரியுமோ?" என்றாள். பரமலிங்கம் பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்தார். இப்போது இரண்டு பக்கத்தாலும் மெல்ல முடிந்தது. கேக் நன்றாக இருந்தது. முற்றத்தில் முதல் மழைக்கு மண் மணத்தது.

"எல்லாம் நல்லா முடிஞ்சது" என்றார் அவர். "ஆனால் பாருங்கோ பாலன், இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம் சந்தையில நிண்ட அந்த மனிசிதான். அவாவை ஒருநாளைக்குக் காணாமலோ விடப்போறன்? கண்டால் முதல்ல நல்லாப் பேசுவன். பிறகு நல்ல சாறியாப் பாத்து ஒண்டு வாங்கிக் குடுப்பன்."

விமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள். லக்சிகா கேக்கை விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"மாமி, உங்களுக்குப் பச்சையோ, நீலமோ?"